பிராது வாங்கிய வண்டி

காசியம்மாள் அத்தை என்னை ஸ்க்ரூ டிரைவரோடு வரச் சொல்லியிருந்தாள். போனேன். உள்ளறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் காட்டி, "இத்தக் கழட்டிடு அன்பு" என்றாள்.

"நல்லாத்தானே இருக்குது அத்த?"

"நல்லா இருக்கறதாலதான் கழட்டச் சொல்றேன்."

அறைக்குள் ராஜாங்கம் மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எதிர்வீட்டுப் பையன் வந்து தன் வீட்டுத் தாழ்ப்பாளைக் கழற்றுகிறான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருகாணி ஒன்று உருண்டு அவர் முதுகருகே போய் நின்றது. அதையும் நானேதான் எடுத்துக்கொண்டேன்.

வாசல்வரை வந்து அத்தை என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "தனியா வுட பயமா இருக்குதுடா. நான் இல்லன்னா நீ நிம்மதியா இருப்பேங்கறாரு. ஆஸ்பத்திரிக்குக் கூப்ட்டா, எனக்கு என்னா நோவுங்கறாரு. நான் வேலைக்குப் போவாம எத்தினி நாளு காவல் இருக்கறது? யாருகிட்டயும் சொல்லிடாத."

என்னை நம்பி ஒரு ரகசியத்தைச் சொன்னவர்கள் தெருவில் அதுவரை யாருமில்லை. என் வாய்க்கு அப்படியொரு பெயர். தாழ்ப்பாளைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மாமா சூளைக்காரர். செராமிக் பேட்டையில் எங்கள் தெருக்காரர்கள் வேலை பார்க்கிற கொட்டகையில், சூளையில் பொம்மைகளை ஏற்றுவதும், ஆறியதும் திறந்து இறக்குவதும் அவர் பொறுப்பு. என் அம்மா அமுதவள்ளி, வெந்து வருகிற கொலு பொம்மைகளுக்கு முகம் எழுதுகிறவள். ஆவணியில் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. சூளையைத் திறந்தபோது தசாவதாரத்தில் ஓர் அவதாரம்கூட முழுசாக இல்லை. எல்லாவற்றிலும் விரிசல். ஆர்டர் போனது. அம்மா மாதிரி பத்திருபது பெண்களுக்கு எழுத முகமே இல்லாமல் போனது.

விரிசலுக்குக் காரணம் மண் ஈரமாக இருந்திருக்கலாம், மழைக்காற்று உள்ளே புகுந்திருக்கலாம், ஆறுவதற்குமுன் திறந்திருக்கலாம். எங்கள் தெரு இதில் எதையும் பரிசீலிக்கவில்லை. பக்கத்துக் கொட்டகைக்காரன் மாமாவுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்ததை வீராயி பெரியம்மா வேப்பூர் கூட்டுரோட்டில், ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்திருந்தாள். பிரியாணி என்பதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்டேன். "கையைத் தொடச்சிக்கிட்ட தோரணையிலயே தெரிஞ்சிது" என்றாள். அவ்வளவு ஆதாரம் போதும். ராஜாங்கம் காசு வாங்கிக்கொண்டு சூளையைக் கெடுத்துவிட்டான் என்று முடிவாயிற்று.

எங்கள் பக்கத்தில் ஒருவர்மேல் சந்தேகம் வந்தால், போலீஸ் ஸ்டேஷனுக்கு முன்னால் மணவாளநல்லூர் போவார்கள். அங்கே கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டலாம். இன்னார் எனக்கு இன்ன கெடுதல் செய்தார், விசாரித்துத் தீர்த்து வையுங்கள் என்று எழுதி வேலில் கட்டிவிட்டு வந்தால், மீதியைச் சாமி பார்த்துக்கொள்வார். வழக்கு தீர்ந்ததும் மறுபடி போய், என் பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி வர வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பெயர். இதனால் எங்கள் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. எந்தக் கஷ்டமாக இருந்தாலும் அதற்கு ஓர் எதிராளி இருப்பார். அவருக்கு ஒரு பெயரும் இருக்கும்.

மாமாமேல் பிராது கட்ட எல்லோரும் சேர்ந்து ஒரு வெள்ளிக்கிழமை போவதாக ஏற்பாடு. ஷேர் ஆட்டோவில் யார் முன்சீட் என்பதில் தகராறாகி, அது தள்ளிப்போனது. அந்த இடைவெளியில்தான் வண்டி வந்தது.

வெள்ளை வண்டி. பக்கவாட்டில் 'மனமே நலமா? நடமாடும் மருத்துவ ஊர்தி' என்று எழுதியிருந்தது. உள்ளே மோகனப்பிரியா என்ற ஆலோசகர் அக்கா, கடலூர்ப் பக்கம். கல்லூரி என்.எஸ்.எஸ்.ஸிலிருந்து தெருவுக்கொரு ஆள் என்று எங்களைப் பிரித்து அனுப்பியிருந்தார்கள். என் வேலை வண்டி வாசலில் நின்று டோக்கன் கொடுப்பது. காலையில் உப்புமா உண்டு என்றதால் சேர்ந்தவன் நான். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மணிநேரம் ஒருத்தரும் வரவில்லை. எல்லோரும் அவரவர் வாசலில் நின்று வண்டியைப் பார்த்தார்கள்.

"கொரோனான்னு மூக்குல குச்சி வுட்டாங்க, போவுதுன்னு வுட்டோம். இப்ப மண்டைக்குள்ள வுட வந்திருக்காங்க" என்றாள் வீராயி பெரியம்மா.

"லூசுன்னு எழுதிக்கினு போயி ரேஷன் கார்டுல பேர எடுத்துருவாங்களாம்" என்றார் ஒருவர்.

"அப்டின்னா உன் வூட்டுல எல்லாத்தியும் எடுத்துருவாங்க" என்றார் அடுத்தவர்.

மோகனப்பிரியா அக்கா இறங்கி வந்து, "பிரஷர், சுகரும் பார்க்கிறோம்மா. இலவசம்" என்றாள். இலவசம் என்ற சொல் கேட்டதும் வீராயி பெரியம்மாவுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. எதற்கு இலவசம் என்று தெரிந்துகொள்ளவே உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது அவள் நடையே வேறாக இருந்தது. நேராகக் குழாயடிக்குப் போனாள். ஐந்து நிமிடத்தில் தெருவே அங்கே கூடிவிட்டது.

"பிரஷரெல்லாம் சும்மா சாக்குடி. ராத்திரி தூக்கம் வருதான்னு கேட்டுது அந்தப் பொண்ணு. வரலன்னேன். அதுக்கு யாரு காரணம்னு நானே சொன்னேன். மறுபேச்சு பேசாம பொத்தான அமுக்கி ஏத்திக்கிச்சு. பசிக்குதா, வேலையில மனசு நிக்குதா, இப்டி ஒம்போது கேள்வி. ஒவ்வொண்ணுத்துக்கும் பேரு சொன்னேன். அத்தினியும் ஏத்திக்கிச்சு."

"யாரு பேரச் சொன்னே?"

"அத்தச் சொல்லலாமா? பிராதுடி, பிராது!"

மனச்சோர்வு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க நாடு முழுக்கக் கேட்கிற சாதாரணக் கேள்விகள் அவை. இடையில் பேசாமல் கேட்க வேண்டும் என்பது மோகனப்பிரியா அக்காவின் பயிற்சி. பேசாமல் கேட்டுக்கொள்கிறவர் பிராதை ஏற்றுக்கொண்டார் என்பது எங்கள் ஊர் வழக்கம். இரண்டுக்கும் நடுவில் நான் டோக்கனோடு நின்றேன்.

அதற்குப்பிறகு வரிசை தெருமுனை தாண்டியது. பெயர் சொல்ல வந்தவர்கள் பாதி. தன் பெயரை யாராவது சொல்லியிருப்பார்களோ என்று பயந்து, முந்திக்கொண்டு அவர்கள் பெயரைச் சொல்ல வந்தவர்கள் மீதி. உள்ளே போய்விட்டு வந்தவர்கள் யார் கண்ணையும் பார்க்கவில்லை. மாமியார் போனதைப் பார்த்து மருமகள் ஓடிவந்தாள். அண்ணன் தம்பி இருவர் ஒன்றாக வரிசையில் நின்று, முதலில் யார் போவது என்று ஒருவர் தோளை ஒருவர் பிடித்து இழுத்தார்கள். என்னிடம் டோக்கன் வாங்கியவர்கள் எல்லோரும் காதருகே வந்து கேட்ட கேள்வி ஒன்றுதான்: "என் பேரு வந்திச்சா தம்பி?" தெரியாது என்றேன். ஒருவரும் நம்பவில்லை. வீராயி பெரியம்மா ஒரு முறுக்குப் பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டு, முறுக்கைப் பற்றி எதுவும் பேசாமல் அங்கேயே நின்றாள்.

என் அம்மாவும் போனாள். வெளியே வந்தவள் குழாயடியில் முகம் கழுவினாள். துடைத்தாள். மறுபடி கழுவினாள். "யாரு பேரும்மா?" என்றேன். "டோக்கனப் பாருடா" என்றாள்.

மதியம் சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்தினார்கள். மோகனப்பிரியா அக்கா டிபன் பாக்ஸைத் திறக்காமல் என்னைக் கூப்பிட்டாள்.

"யார் சொன்னாங்கன்னு கேக்காத, சொல்ல மாட்டேன். இந்த ராஜாங்கம் ராஜாங்கம்ங்கறாங்களே, அது ஊர்ல பரவுற காய்ச்சல் ஏதாவதா?"

விஷயத்தைச் சொன்னேன். கொளஞ்சியப்பரையும் சொன்னேன். அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "காலையிலேர்ந்து நான் பிராதா வாங்கிட்டிருக்கேன்? ஆப்ல எதிராளிக்குக் கட்டமே கிடையாதே, நான் எல்லாத்தையும் 'பிற குறிப்பு'ல போட்டு வச்சிருக்கேன்!"

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "தெருவே கைகாட்டுற அந்த ஆளு எப்படி இருக்காரு?"

யாரிடமும் சொல்லாதே என்று காசியம்மாள் அத்தை சொல்லியிருந்தாள். நான் சொல்லவில்லை. பையிலிருந்து தாழ்ப்பாளை எடுத்து அக்காவின் மேசைமேல் வைத்தேன்.

அவள் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஏதாவது அசட்டுத்தனமாகக் கேட்பாள் என்று காத்திருந்தேன். "யார் கழட்டச் சொன்னது, சம்சாரமா?" என்றாள். தலையாட்டினேன். தாழ்ப்பாளை என்னிடமே திருப்பித் தந்துவிட்டு, டிபன் பாக்ஸைப் பையில் வைத்தாள். "இன்னிக்கே நான் அவரப் பாக்கணும். வருவாரா?"

ஆஸ்பத்திரிக்கு வராதவர் ஆஸ்பத்திரி வண்டிக்கு மட்டும் வருவாரா? ஆனால் மாமா எந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் போகிறவர். கொட்டகையில் தகராறு என்றால் முதலில் போய் நிற்கிறவர். அக்காவிடம் நான் போய்ப் பேசிப்பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன்.

அதே சுவர். அதே முதுகு.

"மாமா, தெருவுக்கு ஒரு வண்டி வந்திருக்குது. அதுல உங்க மேல பிராது குடுத்திருக்காங்க. நீங்க நேர்ல வந்து பதில் சொல்லணும்."

முதன்முறையாகத் திரும்பினார். "எத்தினி பேரு?"

"கொஞ்சம் பேரு."

"உங்கம்மாவுமா?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் உதவுகிற வாய்.

"அமுதவள்ளி சொல்லியிருந்தா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து உட்கார்ந்தார். காசியம்மாள் அத்தை அவசரமாக வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவர் பொத்தான் போடப் போட, வரிசை தப்பிக்கொண்டே வந்தது. அத்தை அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

அவர் தெருவில் இறங்கியதும் வரிசை இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. மரியாதையால் அல்ல. கிட்டே நின்றால் தன் முகம் அவருக்கு ஞாபகம் வந்துவிடும் என்ற பயம். வண்டிக்குள் ஏறியவர், "பையன் இருக்கட்டும். சாட்சி வேணும்" என்றார்.

"வெளியில பேச மாட்டான்னு நீங்க நம்புறீங்களாய்யா?" என்றாள் மோகனப்பிரியா அக்கா.

மாமா என்னைப் பார்த்தார். "தாழ்ப்பாளப் பத்தி இதுவரைக்கும் எவனுக்கும் தெரியல இல்ல? அப்ப நம்பலாம்."

அப்படியானால் சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அக்கா கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டாள். "போன ரெண்டு வாரமா தூக்கம் எப்படி இருக்குதுங்க?"

"இல்ல."

காலையிலிருந்து ஒவ்வொரு பதிலோடும் ஒரு பெயரைக் கேட்டுப் பழகியதில், அடுத்த கேள்வி அவள் வாயில் தானாக வந்துவிட்டது. "அதுக்கு யாரு காரணம்னு நெனைக்கிறீங்க?"

"ராஜாங்கம்."

அக்கா கையில் இருந்த டேப்பின் திரையைப் பார்த்தாள். "உங்க பேரு..."

"ராஜாங்கம்தான். எழுதிக்கங்க."

"செய்யற வேலையில பிடிப்பு இருக்குதுங்களா?"

"இல்ல. ராஜாங்கம்."

"சாப்பாடு?"

"ராஜாங்கம்."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வாக்குமூலம் கொடுக்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். அந்தத் தெருவில் அத்தனை பேரிடமும் கேட்ட கேள்விகள்தான். ஒருவர்கூடத் தன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

"பிரியாணி சாப்பிட்டீங்களா மாமா, வேப்பூர்ல?" என்று நான் குறுக்கே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அக்கா முறைத்தாள்.

"அது தக்காளி சோறுடா. அதுவும் என் காசு." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "சூளையை நான் எப்பத் தொறந்தேன்னு எனக்கே தெரியல தம்பி. அதுக்கு முன்ன ஒரு மாசமா தூக்கம் இல்ல. ஆறிப்போச்சுன்னுதான் கை வச்சிப் பாத்தேன். கை வச்சேனா, வச்சதா நெனச்சேனா, அது தெரியல."

ஆக, தூக்கம் போனது சூளை கெட்டதால் அல்ல. சூளை கெடுவதற்கு முன்பே போயிருந்தது.

அக்கா கடைசிக் கேள்வியைக் கேட்டாள். உயிரோடு இருப்பதைவிட இல்லாமல் போவது மேல் என்று தோன்றுகிறதா என்பது அது. அதற்கு மட்டும் மாமா பெயர் சொல்லவில்லை. "தெனம் தோணுது" என்றார். "இன்னிக்குக் காலையிலயும்."

அக்கா டேப்பைக் கவிழ்த்து வைத்தாள். "ஐயா, நீங்க யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல. இது பிராது வண்டி இல்ல. உங்களுக்கு வந்திருக்கறது ஒரு நோவு. மருந்து இருக்குது, பேசறதுக்கு டாக்டர் இருக்காரு. இப்பவே நானே கூட வந்து ஆஸ்பத்திரியில சேத்துட்டு வரேன். உங்கள இப்ப தனியா அனுப்ப எனக்கு மனசு இல்ல." பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தே நீ? அத அப்புறம் பேசிக்கிறேன்" என்றாள்.

"எனக்கு தண்டனை இல்லியா?" என்றார் மாமா. கிண்டலாகக் கேட்கவில்லை.

"இல்லீங்க."

அப்போதுதான் அழுதார்.

வெளியில் நின்றிருந்த அத்தையைக் கூப்பிட நான் கதவைத் திறந்தேன். தெரு முழுக்க வண்டியைச் சுற்றி நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். ஒருவரும் நகரவில்லை.

"இவ்ளோ நேரம் உள்ள என்னாடா பேச்சு?" என்றாள் வீராயி பெரியம்மா. "எங்கள கால்மணி நேரத்துல அனுப்பிச்சாங்க."

"எதிர்ப்பிராது குடுத்துட்டாரு போலக்குது."

"வண்டியிலயே கூட்டினு போறாங்களாம்! அவரு சொல்றதுதான் செல்லும்னா நாங்க சொன்னது என்னா ஆவறது?"

"யாரு பேரச் சொன்னாருடா?" இதைக் கேட்டது என் அம்மா. சத்தமாகக் கேட்கவில்லை.

எல்லோரும் அடங்கினார்கள். அத்தனை முகத்திலும் ஒரே பயம். என் வாயில் ஒரு பெரிய செய்தி இருந்தது. அதைக் கொட்டினால் தெரு அந்த நிமிடமே விலகி வழிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அது மாமாவின் சொத்து. சாட்சிக்குக் கொடுத்ததல்ல.

"உங்க யாரு பேரையும் சொல்லல" என்றேன்.

"பொய்யி" என்றாள் வீராயி பெரியம்மா உடனே. "என் பேரச் சொல்லாம இருப்பாரா?"

"என் பேரத்தான் முதல்ல சொல்லியிருப்பாரு!" என்றார் இன்னொருவர், தன்னை விட்டுவிட்டாரே என்ற ஆதங்கம் தொனிக்க.

அம்மா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் எழுதுகிறவள்; முகத்தைப் பார்த்தே விஷயம் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் நான் சின்ன வயதிலிருந்து அவளிடம் பொய் சொல்வதில்லை. அவள் கண் என்னை விட்டு வண்டிக் கதவுக்குப் போனது. பிறகு காசியம்மாள் அத்தைக்குப் போனது.

"வீராயி அக்கா, கொஞ்சம் நவுரு" என்றாள்.

"ஏன் நவுரணும்?"

"நவுருன்னா நவுரு!" என்று கத்தினாள் அம்மா. அவள் கத்தி நான் கேட்டதில்லை. வீராயி பெரியம்மாவும் கேட்டதில்லை என்பது அவள் பின்வாங்கிய வேகத்தில் தெரிந்தது. அம்மா காசியம்மாள் அத்தையின் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டாள். "மாத்துப் புடவை நான் கொண்டாரேன், நீ போ" என்றாள். வண்டி போனது. டோக்கன் கட்டு என் கையிலேயே இருந்தது.

அடுத்தமுறை வண்டி வந்தபோது மாமா வீட்டில் இருந்தார். கடலூர் ஆஸ்பத்திரியில் சில நாள் தங்கி, மாத்திரையோடு திரும்பியிருந்தார். குணமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் கொட்டகைப் பக்கம் வருகிறார், சூளையிலிருந்து தள்ளி ஒரு ஸ்டூலில் உட்கார்கிறார், டீ குடிக்கிறார். போனவாரம் டீ ஆறிப்போச்சு என்று கடைக்காரரிடம் சண்டை போட்டார். அதைக் கேட்டுக் காசியம்மாள் அத்தை சந்தோஷப்பட்டாள். தாழ்ப்பாளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "டாக்டரு இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்ங்கறாரு. நீயே வச்சிரு" என்றாள். என் பையில்தான் இருக்கிறது.

தெருவின் சந்தேகம் தீரவில்லை, இடம் மாறியிருந்தது. "உள்ள இருந்து ஏதோ மாத்திரை குடுத்து ராஜாங்கத்த நல்லவனா ஆக்கிட்டாங்க" என்றாள் வீராயி பெரியம்மா. "அத என் மருமவளுக்கும் குடுக்கச் சொல்லு."

அன்றைக்கு வரிசையில் முதலில் நின்றது என் அம்மா. டோக்கன்கூட வாங்காமல் படியேறினாள். நான் கதவுப் பக்கம் நின்றேன்.

"மேடம், நான் ராஜினாமா பண்ணணும்" என்றாள்.

மோகனப்பிரியா அக்கா என்னைப் பார்த்தாள். "பிராத வாபஸ் வாங்குறாங்க" என்றேன்.

"போன தடவ என் தூக்கம் போனதுக்கு ராஜாங்கம் அண்ணன் பேரச் சொன்னேன். அத எடுத்துருங்க. அவரு இல்ல."

"எடுத்துடலாம்மா." அக்கா நிஜமாகவே எதையோ அழிப்பதுபோல டேப்பில் விரலை நகர்த்தினாள். "இப்ப தூக்கம் வருதுங்களா?"

அம்மா அந்த விரலையே பார்த்தாள்.

"இல்ல."

"எவ்ளோ நாளா?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். வீட்டில் தினமும் அவளுக்கு இரண்டடி தள்ளிப் படுப்பவன் நான். அவள் தூங்குகிறாளா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. எதிர்வீட்டு ராஜாங்கம் மாமா எந்தச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார் என்பதுகூட எனக்குத் தெரியும்.

"நீ வெளிய போடா" என்றாள்.

"சாட்சி வேணாமாம்மா?"

"போடான்னா."

இறங்கினேன். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பேச்சு கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. வீராயி பெரியம்மா முறுக்குப் பொட்டலத்தோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"யாரு பேருடா சொல்றா?"

"தெரியல பெரியம்மா."

இந்தமுறை அவள் நம்பினாள். பொட்டலத்தைப் பிரித்து, ஒரு முறுக்கை என் கையில் வைத்தாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.